தேசிப்புளி பட்ட அச்சு

அந்த அச்சுக்குள் என் கண்ணிமை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்து அதற்குள் முகம் பார்த்தோம். முதலில் நான். பிறகு பட்டறைக்காரர். கடைசியாக, பிறெஸ் அடிக்கிற அக்கா கையிலிருந்த எண்ணெயைப் பழஞ்சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, தலையை ஒருபக்கம் சரித்துத் தன் தோட்டைப் பார்த்தா.

"எங்கடை வீட்டுக் கண்ணாடியிலை நான் இவ்வளவு வடிவில்லை, தம்பி," என்றா பட்டறைக்காரரைப் பார்த்து.

"அது கண்ணாடியின்ரை பிழை இல்லை அக்கா," என்றார் பட்டறைக்காரர்.

"உமக்கு வர வர வாய் கூடிப்போச்சு."

அவ்வளவு சந்தோசம் எங்களுக்கு. கடினமாக்கிய உருக்கை அப்படி மினுக்குவது லேசான வேலையில்லை. வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வரும் ஒரு குடும்பம், வருகிறவர்களுக்குக் கொடுக்க விபூதித் தட்டம் கேட்டிருந்தது. துருப்பிடிக்காத தகட்டில், நடுவில் ஒரு தாமரை. அச்சின் முகம் எப்படியோ தட்டத்தின் முகமும் அப்படித்தான் வரும். அச்சில் ஒரு கீறல் கிடந்தால் ஒவ்வொரு தட்டத்திலும் அதே கீறல் கிடக்கும். அதனால்தான் இந்த மினுக்கம்.

பட்டறை கொக்குவிலில், ரெயில் பாதைக்குக் கிட்ட, மதில் சுற்றிய ஒரு வளவின் பின்பக்கத்தில் இருக்கிறது. தகரக் கொட்டில்தான். பட்டறைக்காரர் எனக்கு உறவில்லை, ஆனாலும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொழும்பில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய ஸ்பார்க் மெஷின் ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி வந்தார் என்று கேள்விப்பட்டதும், உடுவிலிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே போய், "அண்ணை, எனக்கு உதிலை வேலை செய்யவேணும்," என்று கேட்டேன். பட்டம் எடுத்த கையோடு என்னோடு படித்தவர்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா, "இவ்வளவு படிச்சது கிறீஸ் பூசவோ?" என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. தொடாமலே உருக்கைத் தின்னுகிற ஒரு மெஷின் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் எப்படி இருக்கிறது?

உண்மையிலேயே அது தொடுவதில்லை. எந்தத் துளைக்கம்பியும் கடிக்க முடியாத உருக்குக் கட்டியை எண்ணெய்த் தொட்டிக்குள் வைப்போம். தாமரை வடிவில் வெட்டிய செப்புத் துண்டு ஒன்றை அதற்கு மேலே, முட்ட விடாமல், மயிரிழை இடைவெளியில் இறக்குவோம். இடைவெளிக்குள் மின்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் தூசியளவு உருக்கை உருக்கித் துப்பிவிடும். சத்தம் கடுகு தாளிக்கிற மாதிரி. பொறுமையாக நின்றால், செப்புத் தாமரை உருக்குக்குள் குழியாக இறங்கிவிடும். அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு.

இனி அக்கா. மருதனார்மடத்திலிருந்து சைக்கிளில் வருவா. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்து பிறெஸ்ஸுக்கு முன் இருந்தாவென்றால், மத்தியானம் வரைக்கும் எழும்பமாட்டா. தகட்டை அச்சில் வைத்து, காலால் மிதித்து, குறட்டால் தட்டத்தை எடுப்பா. வேலை அப்படி. அச்சுக்கும் அவவின் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. பிறெஸ் இறங்குகிற பாரத்தில் அந்த அச்சு ஒருநாள் உடைந்தால் துண்டு பறக்கப்போவது அந்த முகத்துக்குத்தான். இதை அப்போது நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. உருக்கு உடையுமென்று யார் நினைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்திருந்தார் அண்ணை. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். புது அச்சின் முதல் அடி தகட்டுக்கு இல்லை, தேசிக்காய்க்கு, அதுதான் எலுமிச்சைக்கு. அச்சுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நடுவில் ஒரு தேசிக்காயை இருத்தி, பிறெஸ்ஸின் சில்லைக் கையாலேயே மெல்லச் சுற்றி இறக்கி நசுக்குவார். பிறகு அன்றைக்கு வேறு வேலை இல்லை. புளியைத் துடைக்கவும் கூடாது. அடுத்த நாள் காலமைதான் துடைப்பது. அந்த நல்ல நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்றுதான் வியாழக்கிழமை அவ்வளவு அவசரம். பொறி பட்ட முகத்தைக் கல்லால் ஆழமாகத் தேய்த்தால் நேரமும் போகும், தாமரை இதழின் நரம்பும் மழுங்கிவிடும். அதனால் கல்லை மேலோட்டமாகத் தடவிவிட்டு, நேரே வைரப் பசையும் கம்பளித் துண்டுமாய் இறங்கிவிட்டோம். அக்காவும் சேர்ந்து தேய்த்தா. அது மினுங்கிய வேகத்தைப் பார்த்து எங்களுக்கே வியப்பு. பழைய அச்சு எதுவும் இவ்வளவு கெதியாய் முகம் காட்டியதில்லை.

சனிக்கிழமை காலமை கொட்டிலைத் திறந்தது நான்தான். நசுங்கிய தேசிக்காய்த் தோலை எடுத்துப் போட்டுவிட்டு, அச்சைப் பிறெஸ்ஸிலிருந்து கழற்றி, காய்ந்த புளியை ஈரச்சீலையால் துடைத்தேன்.

கண்ணாடியைக் காணவில்லை.

தாமரையின் மேல் ஒரு வலை கிடந்தது. மெல்லிய மண்ணிறக் கோடுகள். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, குறுக்கே ஓடி, திரும்ப வந்து சேர்ந்து, அச்சு முழுக்க. தண்ணீர் வற்றிய குளத்தின் அடியில் சேறு வெடித்துக் கிடக்குமே, அதை யாரோ சின்னனாக்கி என் உள்ளங்கையில் வைத்த மாதிரி. கோடுகளுக்கு நடுவில் இருந்த துண்டுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன.

முன்பும் தேசிப்புளி கறை பிடித்ததுண்டு. ஆனால் அதெல்லாம் தேநீர் சிந்தின மாதிரி ஒரே பரவலாக இருக்கும். அந்த அச்சுகள் அரத்தாலும் கட்டராலும் வெட்டியவை. பொறியால் வெட்டிய முதல் அச்சு இதுதான்.

நான் அப்படியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கு இது தெரியும். பார்த்திருக்கிறேன். படத்தில். இரண்டாம் வருடத்தில் ஒரு விரிவுரையில் திரையில் வந்துபோன ஒரு நுணுக்குக்காட்டிப் படம். பொறி உருக்கின உருக்கு முழுவதும் வெளியே போவதில்லை. கொஞ்சம் அங்கேயே ஒட்டிக்கொண்டு, குளிர்ந்த எண்ணெய் பட்டு, கண்மூடித் திறக்கமுன் இறுகிவிடும். அப்படி இறுகின தோல் கீழே இருக்கிற உருக்கைவிடக் கடினம். கடினமென்றபடியால் அருமையாக மினுங்கும். ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இறுகும்போதே சுருங்கி வெடித்தும் இருக்கும். வெள்ளைப் படை என்று அதற்குப் பெயர். சோதனையில் அதைப் பற்றி அழகாக எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆகாய விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் வருகிற விசயம் அது என்ற எண்ணத்தில்தான் எழுதியிருந்தேன். அது கொக்குவிலில், தகரக் கொட்டிலில், சந்தனப் பொட்டோடு என் கையில் கிடந்தது.

நாங்கள் மினுக்கியது அச்சை இல்லை, அந்தத் தோலை. அதன் வெடிப்புக்குள் ஊறிக் கறையான புளிதான் கோடுகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கைத்தொலைபேசியில் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். அண்ணை வந்ததும் அச்சை நீட்டினேன். குனிந்து பார்த்தார்.

"கறை பிடிச்சிட்டுது. உதுக்கேன் உந்தளவு முழிக்கிறாய்?"

"கறை இல்லை அண்ணை. வெடிப்பு."

"வெடிச்சிருந்தால் நேற்றுத் தெரிஞ்சிருக்கும்."

அவர் விரலில் கொஞ்சம் வைரப் பசை எடுத்து, கம்பளித் துண்டால் தேய்க்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வலை மங்கியது. அங்கங்கே அறுந்தது. பிறகு இல்லாமலே போனது. தாமரை திரும்பவும் கண்ணாடியானது. அதற்குள் அவர் முகம் சிரித்தது.

"பார். எங்கை உன்ரை வெடிப்பு?"

வலையைக் கண்டபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. இவ்வளவு லேசாக மறைகிறதே! ஐந்து நிமிடத் தேய்ப்பில், ஒன்றும் நடக்காத மாதிரி! நான் படம் எடுத்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

அந்த நேரத்தில் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு அக்கா வந்தா. வழமைபோல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பிறெஸ் கதிரையில் இருக்கப் போனா.

"அக்கா, இருக்காதையுங்கோ!"

நான் கத்திவிட்டேன். அக்கா இருந்தும் இராமலும் அரைவாசியில் நின்றா.

"ஏன் பிள்ளை, கதிரையிலை பூரானோ?"

சொன்னேன். படத்தைக் காட்டினேன். அண்ணை இடையில் புகுந்து, "படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான் அக்கா. சளி பிடிச்சாலும் பெரிய வருத்தத்தின்ரை பேர் சொல்லுவினம்," என்றார். அக்கா சிரிக்கவில்லை. படத்தையும் அச்சையும் மாறி மாறிப் பார்த்தா.

"இப்ப ஒண்டும் இல்லையே, பிள்ளை."

"திரும்பப் புளி விடுவம். வராட்டில் நான் வாயைத் திறக்கமாட்டன்."

சந்தைக்கு ஓடத் தேவையில்லாமல் சுவாமிப் படத்தடியில் இன்னொரு தேசிக்காய் இருந்தது. அதைப் பிளந்து அச்சில் பிழிந்தேன். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேரம் பார்க்காமல், சந்தனம் வைக்காமல் பிழிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று பேரும் அதைச் சுற்றிக் காத்திருந்தோம். அண்ணை இடையிடையே எழும்பிப் போய் வேறு எதையோ அரத்தால் தேய்ப்பார், வந்து பார்ப்பார். நான் சும்மா இருக்கமுடியாமல் பொறி, தோல், சுருக்கம் என்று கதைத்துக்கொண்டே இருந்தேன்.

"அந்தத் தோல் எவ்வளவு தடிப்பு?" என்று கேட்டா அக்கா.

"தலைமயிரின்ரை தடிப்பிலை பாதிகூட வராது."

"அதுக்கோ இந்தப் பாடு?"

"அந்தத் தோலிலை இருக்கிற வெடிப்பு அடிக்க அடிக்க உள்ளுக்கு இறங்கும் அக்கா. மேலை தொடங்கினது கீழை போய் நிக்கும்."

மத்தியானம் கிட்டிவர, துடைத்தோம். அக்கா என் தொலைபேசியை வாங்கி அச்சுக்குப் பக்கத்தில் பிடித்தா. ஒரு விரலைப் படத்திலும் ஒரு விரலை அச்சிலும் வைத்தா.

"இந்தக் கவட்டுக் கோடு... இஞ்சை. இது வளைஞ்சு போறது... இஞ்சை. ஒண்டும் அசையேல்லை, தம்பி. அதே இடம்."

அண்ணைக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். கலியாணத் தேதி கிட்ட வந்துவிட்டது, தொலைபேசியில் அந்தக் குடும்பம் ஒவ்வொரு நாளும் கேட்கிறது. "அக்கா, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிப்பம். இந்த முறை மட்டும்."

"கண்ணுக்குக் கண்ணாடி. கழுத்துக்கு?"

அக்கா கதிரையை அவர் பக்கம் தள்ளினா. சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை. கோயிலில் பந்திக்கு இருத்துகிற மாதிரிச் சொன்னா:

"நீர் இரும். இருந்து ஒருக்கா மிதியும். நான் பேந்து இருக்கிறன்."

"ஏன், எனக்கென்ன பயமோ?" என்று அண்ணை அச்சைத் திரும்பப் பிறெஸ்ஸில் பூட்டி, மோட்டரைப் போட்டுவிட்டு இருந்தார். தகட்டை அச்சில் வைத்தார். கால் மிதிகட்டையில். முகத்தை முன்னுக்குக் கொண்டுபோய், பிறகு கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். கழுத்தைச் சரித்தார். மோட்டர் உறுமிக்கொண்டு நின்றது. ரெயில் ஒன்று போனது. தகரம் அதிர்ந்து அடங்கியது. அவருடைய கால் அசையவில்லை. நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை தகட்டில் விழுந்தது. அவர் எழும்பினார்.

இத்தனை வருடமாக அந்தக் கதிரையில் தான் இருந்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் பட்டிருக்கவேண்டும்.

"ஆரும் இருக்காமல் அடிச்சுப் பாப்பம்," என்றார். வளவுக்குள் போய், முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுத்து வந்தார். தகட்டை வைத்துவிட்டு மூன்று பேரும் கதவுக்கு வெளியே ஒதுங்கினோம். அவர் தடியின் அடிப்பக்கத்தால் எட்டி மிதிகட்டையை அமத்தினார்.

டம்.

ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தோம். தட்டம். நடுவில் தாமரை. அச்சொட்டாக, நரம்பு நரம்பாக, மினுமினுவென்று. அடுத்த தகடு. டம். அதுவும் அப்படியே. இன்னொன்று. இன்னொன்று. தட்டங்கள் வாங்கில் அடுக்காக ஏறின. அண்ணையின் தோள் இறங்கத் தொடங்கியது. பகிடி திரும்பி வந்தது.

"பிள்ளை, இதிலை ஒரு தட்டம் உன்ரை விரிவுரையாளருக்கு. விபூதி பூசிக்கொண்டு படிப்பிக்கட்டும்."

எனக்கு முகம் சுட்டது. அக்காவும் என்னைப் பார்க்காமல் தட்டத்தைப் பார்த்தா. நான் பிழையோ? படம் பார்த்துப் படித்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரையும் பயமுறுத்தினேனோ? அப்போது எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. உடையட்டும், உடைந்து காட்டட்டும் என்று. வந்த உடனேயே நடுங்கிப்போனேன். அக்கா ஒவ்வொரு நாளும் இருக்கிற இடம் அது.

டம்.

இந்த அடியின் முடிவில் இன்னொரு சத்தமும் இருந்தது. பெரிய சத்தமில்லை. சோற்றுக்குள் கல் கடிபட்ட மாதிரி. டிக்.

அண்ணை தடியைக் கீழே போட்டார். மோட்டரை நிற்பாட்டும்வரை யாரும் உள்ளே போகவில்லை. அச்சில் இரண்டு இதழ்களுக்கு நடுவே இருந்த வரம்பில் பயற்றங்கொட்டை அளவு துண்டொன்றைக் காணவில்லை. பெயர்ந்த இடம் சாம்பல் நிறமாய், மணல் மணலாய் இருந்தது. மண்ணிறக் கோடு ஒன்று மேலிருந்து அதற்குள் நேரே இறங்கிப் போயிருந்தது.

துண்டைத் தேடினோம். நிலத்தில் இல்லை. எண்ணெய்த் தட்டில் இல்லை. நான் முழங்காலில் நின்று விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தபோது அண்ணை, "இஞ்சை வா," என்றார். கதிரைக்குப் பின்னால் சுவரோடு நின்ற பலாமர அலுமாரியின் கதவில் புதிதாக ஒரு துளை. உள்ளே, ஆழத்தில், ஏதோ மினுங்கியது. மினுக்கின பக்கம் எங்களைப் பார்த்தபடி இருந்தது.

அக்கா அலுமாரியைப் பார்த்தா. கதிரையைப் பார்த்தா. பிறகு போய்க் கதிரையில் இருந்தா. வழமைபோல், கொஞ்சம் முன்னுக்குக் குனிந்து. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அச்சிலிருந்து துளைக்கு ஒரு நூல் பிடித்தால், அது அவவின் இடது கன்னத்துக்கூடாகத்தான் போயிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. அவ கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தா. வைத்தபடியே இருந்தா.

"அக்கா," என்றார் அண்ணை.

அவ எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டா. சாப்பாட்டுப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. அதைக் கழுவி வைப்பதா, அப்படியே வைப்பதா என்று தெரியாமல் நானும் அண்ணையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ திரும்ப வருவாவென்று எனக்கு நம்பிக்கை இல்லை. நானாக இருந்தால் வந்திருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை வந்தா. பிறெஸ் பக்கம் போகவில்லை. ஸ்பார்க் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

"புது அச்சு துவங்குங்கோ. நான் பாக்கவேணும். முகம் தெரியிறது எனக்குத் தேவையில்லை. முதல் அந்தத் தோலை உரியுங்கோ."

அண்ணை கலியாணக் குடும்பத்துக்குத் தொலைபேசி எடுத்து, பிந்தும் என்றார். மறுபக்கத்தில் பெரிய சத்தம். அவர் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி, "ஓம்... ஓம்... பிந்தும்," என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுக் கட்டியில் திரும்பத் தாமரை இறங்கியது. முடிவை நெருங்க நெருங்க மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் பொறி கண்ணுக்கே தெரியவில்லை, தாளிக்கிற சத்தம் மழைத்தூறலாய் இறங்கிவிட்டது. பொறி சின்னதென்றால் தோலும் மெல்லிசு, வெடிப்பும் குறைவு. பிறகு கல். இந்த முறை தடவல் இல்லை, உரித்தல். ஒரு கல்லால் ஒரு திசையில் தேய்த்து, அடுத்த நுணுக்கமான கல்லால் குறுக்கே தேய்த்து, முந்தின கோடு முழுக்க அழியும்வரை நிறுத்தாமல் தேய்த்தோம். கல் தேய்க்கிறதைக் கணித்துச் செப்புத் தாமரையின் நரம்பை முதலிலேயே கொஞ்சம் தடிப்பாக வெட்டியிருந்தேன். உள்ளே இறுகி நின்ற இழுவை தளர, அச்சை அடுப்பில் மிதமான சூட்டில் வைத்தெடுத்தோம். இடையிடையே அக்கா, "புளி விடு பிள்ளை," என்பா. விட்டோம். முதலில் அங்கங்கே வலையின் துண்டுகள் வந்தன. திரும்பக் கல். பிறகு கோடு இல்லை, ஒரே சீரான சாம்பல் கறை மட்டும். வெறும் கறையைப் பார்த்து நான் துள்ளிக் குதித்ததைப் பக்கத்து வளவு ஆட்கள் மதிலால் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வைரப் பசை. மினுங்கியது, ஆனால் பழையது மாதிரிக் கெதியாக இல்லை, அவ்வளவு வெள்ளையாகவும் இல்லை. அண்ணை குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் தேய்ச்சால்..." என்று இழுத்தார். அக்கா டோர்ச்சை அடித்து, இதழ் இதழாக, வரம்பு வரம்பாகப் பார்த்தா. "இது காணும், இனித் தேய்க்கவேண்டாம்," என்றா.

பிறெஸ்ஸுக்கு முன்னால் தடித்த பிளாஸ்ரிக் மறைப்பொன்றை அண்ணை பூட்டியிருந்தார். அக்கா கதிரையில் இருந்து, தகட்டை வைத்து, மிதிகட்டையில் காலை வைத்தா. நானும் அண்ணையும் அவவைச் சூழ வந்து நின்றோம். எப்போது அவ்வளவு கிட்டப் போனோம் என்று தெரியவில்லை. உடைந்தால் நான் என்ன செய்திருப்பேன், கையால் பிடித்திருப்பேனா? அண்ணையும் அப்படித்தான், அலுமாரிக்கும் கதிரைக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு நின்றார்.

அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னா:

"ரெண்டு பேரும் அங்காலை போங்கோ. வெளிச்சம் மறைக்குது."

நாங்கள் தள்ளி நின்றோம். அவ மிதித்தா.